பிறஷர் பார்த்த பின்னேரங்கள்

மிஸ்ஸியின் பிறஷர் பார்க்கும் கருவி சாம்பல் நிறத் தகரப் பெட்டி ஒன்றுக்குள் இருந்தது. மூடியைத் திறந்து நிமிர்த்தினால் அதன் உட்பக்கத்திலேயே கண்ணாடிக் குழாயும் எண்களும் நிற்கும். வந்தவரின் கையில் துணிப்பட்டியைச் சுற்றி, ரப்பர்க் குமிழை மிஸ்ஸி அமுக்க அமுக்கப் பாதரசம் ஏறும். திருகைத் தளர்த்தினால் நீண்ட மூச்சொன்றை விட்டுக்கொண்டு இறங்கும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் செல்லாது. ஆனால் எங்கள் வாசிகசாலையின் பின்னறைக்குப் பிறஷர் பார்க்கவென்று வந்தவர்களில் ஒருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு முன் எழுந்து போனதில்லை. சிலர் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறார்கள். இளந்தாரிகள் வந்தார்கள், பிறஷர் என்ற சொல்லையே அன்றுவரை கேட்டிராத பெண்கள் வந்தார்கள். மிஸ்ஸி எல்லோருக்கும் முதலில் கையில் பட்டியைச் சுற்றினார். எண்ணை ஒரு கொப்பியில் எழுதினார். பிறகு கருவியை மூடிவிட்டு, "சரி, இனிக் கதையுங்கோ" என்றார். ஊரில் எவராவது ஒருவர் பல நாளாகச் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், சுவரைப் பார்த்தபடி இருந்தால், வீட்டுக்காரர் ஒரு கட்டத்தில், "ஒருக்கா மிஸ்ஸியிட்டப் போய்ப் பிறஷரைப் பார்த்துக்கொண்டு வாவன்" என்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல எல்லோரும் இருந்தார்கள். அந்த வழக்கத்தின் அருமை எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

நாங்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் எரிந்த மறுநாள், அப்பா, அம்மா, நான், நான்கு வயதுத் தங்கை நால்வரும் ஒரு லொறியின் பின்னால் நின்றபடி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். வந்து ஒன்பதாம் நாள் தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பாவும் இன்னும் இரண்டு ஆண்களும் அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். சில மாதங்களின் பின் பூவரசங்குளத்துக்கு அப்பால் எங்களுக்குக் காணி கிடைத்து, குடிசை போட்ட பிறகு, அப்பா ஒருநாள் தனியாக வவுனியாவுக்குப் போனார். அவளைப் புதைத்த பற்றைக்காட்டை யாரோ வெட்டி வெளியாக்கியிருந்தார்களாம். அடையாளத்துக்கு நட்டுவைத்த தடியைக் காணவில்லையாம். அம்மா இதை ஒரேயொரு தடவை எனக்குச் சொன்னார். அப்பா சொல்லவேயில்லை. லயத்தில் இருந்த காலத்தில் தப்படித்து, பாட்டுக்கட்டி, கூத்துக்கு வேடம் போட்டு ஊரையே சிரிக்க வைத்தவர் அவர். வன்னிக்கு வந்தபின் ஒரு நாளைக்கு மூன்று சொற்களோடு வாழப் பழகிக்கொண்டார். "சாப்டியா", "சரி", "பாப்போம்."

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துத் தெரிந்தவன் நான்தான். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தபோதும், பிறகு உயர்தரம் எடுத்தபோதும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் விளக்கடியில் இருந்து எழுதும்போது, தன் வேலையை விட்டுவிட்டு வந்து எதிரில் குந்துவார். வாசிக்கத் தெரியாத ஒருவர் எழுத்தைப் பார்ப்பதுபோல அவர் பார்க்கவில்லை. ஒரு மேசன் இன்னொரு மேசனின் சுவரைப் பார்ப்பதுபோல, கோடு வளைகிற இடங்களைப் பார்த்தார். ஆயிரம் பேரின் எழுத்துக்குள்ளும் என் எழுத்தை அவர் பிரித்தறிவார் என்று அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இருபத்தொரு வயதில் நான் வாசிகசாலையின் செயலாளர் ஆனேன். திங்களும் வியாழனும் பின்னேரங்களில் வவுனியாவில் ரியூசன் படிப்பித்தேன். மற்ற நாட்களில் நாலரை மணிக்கு வாசிகசாலையைத் திறந்து, பத்திரிகைகளை மேசையில் விரித்து, ஊரைத் திருத்துவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அப்படியான ஒரு நாளில்தான் மிஸ்ஸி தன் பெண்கள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஆசுப்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்பதுதான் வழக்கம். உயரமான, எலும்பான பெண். எண்ணெய் வைக்காத நரைமுடி. ஒருவரைப் பார்க்கும்போது முதலில் அவருடைய நகத்தைப் பார்க்கும் பழக்கம்.

"நீர்தானே தம்பி செயலாளர்?"

"ஓம் மிஸ்ஸி."

"பின்னறைக்குள்ள என்ன கிடக்கு?"

"பழைய பேப்பர் கட்டி வைச்சிருக்கிறம்."

"பழைய பேப்பருக்குத் தனி அறை கேக்குதோ? எடுத்து வேற எங்கயும் போடும். எனக்கு அந்த அறை வேணும். கிழமைக்கு நாலு பின்னேரம். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. கிணத்தடிப் பக்கத்துக் கதவின்ர திறப்பைத் தந்தாச் சரி."

செயற்குழுவைக் கூட்டித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் மெல்லச் சொன்னேன். "கூட்டும், கூட்டும். நான் அதுக்கிடையில அறையைக் கூட்டுறன்" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் முப்பது வருடச் சேவையில் பெரும்பகுதியைத் தெற்கே ஒரு பெரிய மனநோய் ஆசுப்பத்திரியில் கழித்தவர். அதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். ஒரு தடவை மட்டும், எங்கள் பக்கத்திலிருந்து அங்கே கொண்டுவரப்படுபவர்களின் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு இருக்கும் என்றார். "பஸ்ஸில கட்டிக்கொண்டு வருவினம். அவிழ்த்துவிட்டு, தேத்தண்ணி குடுத்து, பக்கத்தில இருந்தா, ரெண்டாம் நாள் ஆள் வாய் திறந்து கதைக்கும். அதை இங்கயே ஆரும் கேட்டிருந்தா அந்தக் கயிறு தேவைப்பட்டிராது." அதைத்தான் அவர் அந்தப் பின்னறையில் செய்ய வந்தார். மருந்து கொடுக்கவில்லை. தன்னால் ஆகாது என்று கண்டவர்களை வவுனியா ஆசுப்பத்திரிக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்களுக்கு இரண்டு கதிரையும் ஒரு சுளகும் இருந்தன.

சுளகைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரும்போதெல்லாம் சைக்கிளின் முன்கூடையில் ஒரு கட்டு முருங்கையிலை கொண்டுவருவார். பிறஷர் பார்த்து முடிந்ததும் சுளகை நடுவில் வைத்து, வந்தவருக்குப் பாதி, தனக்குப் பாதி என்று சிறு கிளைகளான கெட்டுகளைப் பிரித்துவிடுவார். இலையை உருவியபடிதான் கதை. ஆண், பெண், ஊரை ஆளும் விதானையார், கூலிக்காரர் என்ற வேறுபாடு கிடையாது. ஏன் என்று கேட்டேன். "முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா ஆர் தம்பி கதைப்பினம்? குனிஞ்சு இருக்கக் கைக்கு ஒரு வேலை வேணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கும் வீட்டை போய்க் கீரை உருவுற வேலை மிச்சம்" என்றார். மிஸ்ஸியைப் புனிதவதியாக நினைத்துக்கொள்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். பொறுமையற்றவர். காகத்தோடு சண்டை பிடிப்பார். நான் மேசையில் விரித்துவைத்த பத்திரிகையில் சினிமாப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுவார்.

வழக்கமாக வந்தவர்களில் புடவைக்கார நானாவை எனக்கு நன்றாகத் தெரியும். சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு வவுனியாவிலிருந்து ஊர் ஊராக வருகிற முஸ்லிம் வியாபாரி. மனைவி இறந்தபிறகு நித்திரையைத் தொலைத்தவர். முன்னறையில் இருக்கும் எனக்கு அவருடைய பகிடிகள் மட்டும் சுவர் தாண்டிக் கேட்கும்.

"எவ்வளவு காட்டுது மிஸ்ஸி?"

"நூற்றி முப்பது."

"அப்ப இண்டைக்கும் மௌத்தில்லை, உசிர் இருக்கு. தாங்கோ இலையை. என்ர பொஞ்சாதி இருக்கேக்க ஒருநாளும் கீரை உருவிக் குடுத்ததில்லை நான். இதை அவ மேல இருந்து பார்த்தா என்ன சொல்லுவா?"

"காம்பை விழுத்தாமல் உருவச் சொல்லுவா."

பிறகு சத்தம் தாழ்ந்துவிடும். தாழ்ந்தபின் வருவது எனக்குரியதல்ல என்று நான் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

ஆனால் எனக்குள் ஒரு குறை இருந்துகொண்டேயிருந்தது. படித்தவன் நான். நோயை நோய் என்று சொல்லாமல் மறைப்பது அறியாமை என்று ஒரு சிறு நூலில் வாசித்து, கொப்பியில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தேன். இவ்வளவு நல்ல காரியம் ஒன்று பின்கதவால், பிறஷர் என்ற பொய்யோடு நடப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. மிஸ்ஸியிடம் ஒரு நாள் கேட்டும் விட்டேன்.

"பொய்யில்லையே தம்பி, பாக்கிறன்தானே."

"ஆனா அவையள் அதுக்கு வரேல்லையே மிஸ்ஸி."

"கோயிலுக்கு வாற எல்லாரும் கும்பிடவோ வருகினம்? உமக்கு என்ன பிரச்சினை?"

அவர் பழைய காலத்து மனிசி என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு கிழமை செலவழித்து, நல்ல பாலைப் பலகை ஒன்றைச் சீவி, வெள்ளை பெயின்ற் மூன்று தரம் பூசி, நீலத்தில் எழுதினேன். "உளநலம் குன்றியோர்க்கான மாலைநேர ஆறுதல் நிலையம். அனைவரும் வருக." ஒவ்வோர் எழுத்தையும் பென்சிலால் கீறி, பிறகு தூரிகை வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் எழுதியதில்லை. மிஸ்ஸிக்குச் சொல்லாமல், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அதை வாசிகசாலையின் முன்வாசலுக்கு மேல் ஆணியடித்துத் தொங்கவிட்டுவிட்டு, ரியூசனுக்குப் பஸ் பிடித்தேன். மிஸ்ஸி கிணற்றடிப் பக்கத்தால் வருபவர். முன்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை.

மறுநாள் பின்னேரம் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நானா சைக்கிளோடு நின்றார். என்னைக் கண்டதும் கையைக் காட்டினார்.

"தம்பி, பலகை வடிவு."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கோ நானா?"

"வடிவா இருக்கிறதாலதான் எல்லாரும் வாசிக்கினம். நேற்று நான் உள்ளுக்குப் போகேல்லை. நாளைக்கு ஒரு வீட்டில நான் சீத்தைத் துணியை விரிச்சுக் காட்டேக்க, 'அந்தப் பலகைக்குள்ள போற ஆள்தானே' எண்டு பொம்பிளையள் சிரிச்சா, நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வவுனியாவிலயே இருக்கவேண்டியதுதான்."

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"என்னை விடும். உம்மட அப்பாவுக்கு நான் ஒரு பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் நிக்கிறன். நேற்று எனக்கு முதலே வந்து பலகைக்குக் கீழ நிண்டவர். முகமெல்லாம் சிரிப்பு. 'இது நம்ம பய எழுத்து. என்னா போட்டிருக்கான், வாசிங்க நானா' எண்டார். வாசிச்சன். 'அப்படின்னா யாருக்கு?' எண்டு கேட்டார். நான் என்ர வாய்க்கொழுப்பில, 'உங்களுக்கும் எனக்கும்தான், மூளை பிசகின விசர் ஆக்களுக்கு' எண்டிட்டன். பகிடிக்குச் சொன்னது தம்பி. மனிசன் சிரிக்கேல்லை. திரும்பவும் அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு வந்த வழியால போயிட்டார்."

"அப்பா ஏன் அங்க வந்தவர்?"

நானா என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு பார்வையைத் துணிமூட்டைக்கு மாற்றிக்கொண்டார்.

"உமக்குத் தெரியுமெண்டு நினைச்சன். திங்களும் வியாழனும் வாறவர்தானே. நாலு மாசமாக் காணுறன்."

திங்களும் வியாழனும். நான் இல்லாத நாட்கள். அந்தக் கணத்தில் என் காலுக்குக் கீழே இருந்த தார்ச்சூடு இப்போதும் என் உள்ளங்காலில் இருக்கிறது. காலையில் அப்பாவைக் கண்டேனா என்று யோசித்தேன். கண்டிருப்பேன். அவர் முற்றத்தில் நின்றிருப்பார், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவர் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவில்லை. பார்க்காததை எப்படி நினைவில் வைத்திருக்க முடியும்?

ஓடிப்போய்ப் பின்னறைக் கதவில் நின்றபோது மிஸ்ஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார். இலைக்கட்டு பிரிக்கப்படாமல் சுளகில் கிடந்தது. நான் எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் முன்பக்கம் போய் நின்று, பலகையை ஒரு தடவை முழுதாக வாசித்தார்.

"எழுத்து வடிவுதான்" என்றார். "கழட்டும். இல்லை, அது பிறகு. சைக்கிளை எடும். உங்கட வீட்டைத்தான் போக வெளிக்கிட்டனான்."

போகிற வழியில் ஒரேயொரு விடயம் சொன்னார். அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை எழும்பிப் போகேக்க, வியாழக்கிழமை வருவன் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போனவர். அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் மூண்டு நாளும் இருந்திருப்பார். நேற்றுக் காணேல்லையெண்ட உடன நான் போயிருக்கவேணும். காய்ச்சலாக்கும் எண்டு நினைச்சிட்டன். முப்பது வருசம் வேலை செய்த எனக்கு மூளை எங்க போச்சுது?" அவர் தன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே மிதித்தார். எனக்குப் பின்னால் வந்தவர் முந்திப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் சோறு போட்டேன், தொடல. கொளத்துப் பக்கம் போறேன்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு" என்றவர், மிஸ்ஸியைக் கண்டு எழுந்து நின்றார். "என்னா மிஸ்ஸி, இம்புட்டுத் தூரம்?"

"ஒண்டுமில்லை அம்மா. பிறஷர் பாக்க வந்தனான்."

குளம் எங்கள் காணியிலிருந்து கூப்பிடு தூரம். வெயில் சாய்ந்து, வற்றிய குளத்தின் சேற்றில் கொக்குகள் நின்ற நேரம். அப்பா குளக்கரைக் கட்டின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் மண்வெட்டி. மண்வெட்டிக்குப் பக்கத்தில் வயலுக்கு அடிக்கும் மருந்தின் சிறிய போத்தல் ஒன்று, மூடி திறக்கப்படாமல். "அப்பா" என்று கத்தப் போனேன். மிஸ்ஸி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "நீர் இதில நில்லும்" என்றார். அது கெஞ்சலோ கட்டளையோ என்று தெரியாத குரல். நான் மருதமரத்தின் கீழ் நின்றேன்.

அவர் அவசரப்படாமல் நடந்து போனார். அப்பாவுக்கு ஒரு முழத் தூரத்தில், அவரைப் போலவே குளத்தைப் பார்த்தபடி மண்ணில் உட்கார்ந்தார். போத்தலை எடுத்துத் தன் பைக்குள் போட்டார், வீட்டில் குழந்தை விட்டுப்போன விளையாட்டுச் சாமானை எடுத்து வைப்பதுபோல. அதே பைக்குள்ளிருந்து முருங்கையிலைக் கட்டை வெளியே எடுத்தார். வெளிக்கிடுகிற அவசரத்திலும் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சுளகு இல்லை. தன் சேலைத் தலைப்பை இருவருக்கும் நடுவில் விரித்தார். கட்டைப் பிரித்து, பாதியை அப்பாவின் பக்கம் வைத்தார். பிறகு தன் பங்கை உருவத் தொடங்கினார்.

அப்பா அசையவில்லை. கொக்குகள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. எனக்கு அந்த நேரம் முழுவதும் கண்ணில் பட்டது அப்பாவின் முழங்காலைக் கட்டியிருந்த கைகள் மட்டும்தான். மிஸ்ஸி தன் பங்கின் கடைசிக் கெட்டுக்கு வந்தபோது அந்தக் கைகள் பிரிந்தன. ஒரு கெட்டை எடுத்தன. நுனியிலிருந்து அடிக்கு, ஒரே இழுப்பில், காம்பு விழாமல் உருவின. நாலு மாதப் பழக்கம். நான் மரத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்றிரவே பலகையைக் கழற்றினேன். அதை என்ன செய்வதென்று கேட்டபோது, "உம்மட வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவில்லை எண்டு அப்பா சொன்னவர்" என்றார் மிஸ்ஸி. எங்கள் வீட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவில்லை என்பதை அப்பா அவருக்குச் சொல்லியிருக்கிறார். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று விளக்குவது கடினம். பெரிய துயரங்களை அவரிடம் சொன்னது பெரிதாகத் தோன்றவில்லை. இந்தச் சின்னச் சின்ன வீட்டுக் கதைகளும் அங்கேதான் போயிருக்கின்றன. எனக்கு "சாப்டியா" மட்டும்.

நானா அடுத்த கிழமையே திரும்பி வந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வர ஒன்றரை மாதம் எடுத்தது. சிலர் வரவேயில்லை, அவர்களை மிஸ்ஸி சைக்கிளில் போய்ப் பார்த்தார். அப்பாவையும் குளக்கட்டில்தான் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் முன்னறையில் பத்திரிகை விரித்துக்கொண்டிருந்தபோது, அப்பா முன்வாசலால் உள்ளே வந்தார். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, பழைய கூத்துக்காரனின் குரலில், "பிரஷர் பாக்க வந்தேன்" என்றார். நான் எழுந்து பின்னறைக் கதவைத் திறந்துவிட்டு, முன்வாசலால் வெளியேறி, கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

அங்கே நிற்பதும் பிழைதான். பின்னறையின் யன்னல் அந்தப் பக்கம். சொற்கள் கேட்கவில்லை, குரல் கேட்டது. அப்பாவின் குரல் இடைவிடாமல், ஏறி இறங்கி, ஓரிடத்தில் உடைந்து, மறுபடி சேர்ந்து, ஓரிடத்தில் சிரித்தும்கூட, ஓடிக்கொண்டிருந்தது. வன்னிக்கு வந்த நாளிலிருந்து நான் இழந்துவிட்ட ஒரு மனிதர் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தார். வாளியைக் கிணற்றில் விட்டேன், இழுத்தேன், ஊற்றினேன், மறுபடி விட்டேன். யாராவது கேட்டால் தண்ணீர் அள்ளுகிறேன் என்று சொல்லலாம்.

ஒரு தடவை, ஒரேயொரு தடவை, மிஸ்ஸியிடம் கேட்டேன். "அப்பா என்ன மிஸ்ஸி கதைக்கிறவர்?"

"அது அவற்ற கதை தம்பி. வேணுமெண்டா அவரிட்டக் கேளும்."

நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பலகையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

பிறகு யுத்தத்தால் எங்கள் பக்கத்து நிலைமைகள் மோசமாகின. பின்னேரங்களில் யாரும் வெளியே வருவதில்லை என்றாயிற்று. வாசிகசாலைக்குப் பத்திரிகை வருவது நின்றது. ஒரு நாள் கூரையும் போயிற்று. மிஸ்ஸி மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்குப் படகேறிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். இல்லை, தங்கை வீட்டில் நோயாகக் கிடக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். தங்கை வீடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் மற்றவர்களின் கதைகளைக் கேட்ட அந்த மனிசியிடம், உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. எனக்கு முள்ளியவளையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே சில பின்னேரங்களில், பள்ளிக்கூடம் விட்டபின், பெண்கள் சைக்கிள் ஒன்றின் மணி கேட்டால் இப்போதும் எழுந்து வாசலுக்கு வருகிறேன். வேறு யாரோ போய்க்கொண்டிருப்பார்கள்.

சென்ற மாதம் விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். அப்பா மெலிந்திருந்தார். மூன்று சொற்களும் இரண்டாகக் குறைந்திருந்தன. அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "ரெண்டு வாரமா தூக்கமில்ல. சுவத்தப் பாத்துக்கிட்டே இருக்காரு" என்றார். எனக்கு அந்தப் பழைய தார்ச்சூடு காலில் ஏறியது. எங்கே அனுப்புவது? எந்தக் கதவைத் தட்டுவது? ஒரு கதவு இருந்தது. அதற்கு மேல் நான் பலகை அடித்தேன்.

பின்னேரம் அப்பா வேலியோரம் கட்டையில் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தம்மா இருக்காங்களா?"

யாரைக் கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. ஏழு வருடமாக எங்களுக்கிடையில் யாரும் எடுக்காத பேச்சு. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "தெரியலப்பா. எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல. நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கட்டையில் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"சரி. அப்ப நீ உக்காரு."

உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அப்பா லொறியிலிருந்து தொடங்கினார். லொறி, பள்ளிக்கூடம், அந்த ஒன்பது நாள், துணி, தடி. அவர் சொன்னவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. பொழுதுபடும்வரை பேசினார். இடையில் ஒரு தடவை நிறுத்தி, நான் கேட்கிறேனா என்று பார்த்தார். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்பவரைப் போல, "இதெல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியும்" என்றார்.